பட்டைக்குப் புகழ், கத்திக்கு மறதி

ஆவாரம்பட்டைச் சாற்றில் ஊறவைத்து வீட்டுக் கொல்லையிலேயே தோல் பதனிடும் ஆசை வானூர் வட்டத்து இரும்பை, குயிலாப்பாளையம் பக்கம் பலருக்கு வந்திருக்கிறது. அதற்குச் சொல்லப்படும் நியாயம் ஒன்றுதான்: குரோமியம் இல்லை, எனவே கேடும் இல்லை. இந்த நியாயத்தை என்னால் ஒருநாளும் ஏற்க முடிந்ததில்லை. பேச்சு ஆட்டுத்தோலைப் பற்றித்தான்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். ராணிப்பேட்டையில் குவிந்து கிடக்கும் குரோமியக் கழிவையும், பாலாற்று மாசு குறித்து 1996-இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பையும் அறிந்த எவரும் பட்டைப் பதனத்தை இளக்காரமாகப் பேச முடியாது. பக்ரீத் முடிந்ததும் வாங்க ஆளில்லாமல் வீணாகும் தோல்களுக்கு ஒரு வழி பிறப்பதும் நல்லதே. 1978-இல் புதுச்சேரியில் தொடங்கிய தோல்பொருள் நிறுவனமான ஹைடிசைன், தாவரப் பதனத் தோலுக்கு உலகச் சந்தையில் மதிப்புண்டு என்று காட்டியிருக்கிறது.

ஆனால் வீட்டுத் தோல் ஏன் கெடுகிறது? விறைத்து அப்பளமாய் நொறுங்கினால் பட்டை போதவில்லை என்கிறார்கள். நாறினால் இன்னும் கொஞ்சம் கடுக்காய் போடச் சொல்கிறார்கள். பட்டை தொட்டிக்குள் விழுவதற்கு முன்பே அந்தத் தோலின் கதை பெரும்பாலும் முடிந்திருக்கும். உரித்த சில மணி நேரத்துக்குள் உப்புப் போடாவிட்டால் நம் வெயிலில் அழுகல் உள்ளே இறங்கிவிடும். பிறகு எந்தப் பட்டையாலும் அதை மீட்க முடியாது. சதைப்பக்கத்துச் சவ்வையும் கொழுப்பையும் வழித்தெடுக்காமல் விட்டால் சாறு அந்தப் பக்கமாக உள்ளே ஏறாது. வளைந்த கட்டையில் தோலை விரித்து, இருபுறமும் பிடியுள்ள கத்தியால் உடம்பின் பாரம் முழுவதையும் கொடுத்து வழிக்க வேண்டும். கத்தி சாய்ந்தால் தோல் கிழியும், தயங்கினால் சவ்வு தங்கும். வயிற்றுப் பக்கம் மெல்லிது, கழுத்துப் பக்கம் தடித்தது. கை அதை உணர்ந்து மாற வேண்டும். ஒரு வாரக் கடைசியில் படிகிற பாடமல்ல இது.

மயிரைக் கழற்றச் சுண்ணாம்பில் ஊறவைப்பதும் அப்படித்தான். மயிர் கழன்றதும் வேலை முடிந்ததென்று இரண்டு அலசல் அலசி நேரே சாற்றில் போடுகிறார்கள். தோலுக்குள் தங்கிய சுண்ணாம்பு பட்டைத் துவர்ப்போடு சேர்ந்து கருந்திட்டாகிறது, மேற்பரப்பு வெடிக்கிறது. சாற்றில் போடுமுன் தவிட்டைப் புளிக்கவைத்த நீரில் ஊறவைத்துச் சுண்ணாம்பை வெளியேற்ற வேண்டும். ஓரத்தை வெட்டி ஒரு சொட்டு பினாப்தலீன் விட்டால் போதும், இளஞ்சிவப்பு தெரிந்தால் சுண்ணாம்பு இன்னும் உள்ளே இருக்கிறது. அடுத்தது அவசரம். முதல் நாளே கெட்டிச் சாற்றில் போட்டால் மேல்தோல் இறுகி வாசலை அடைத்துக்கொள்ளும், நடுவே பச்சைத்தோல் நிற்கும். பழைய, நீர்த்த சாற்றில் தொடங்கிப் படிப்படியாகக் கெட்டிச் சாற்றுக்குப் போவதுதான் தொழிற்கூடங்களின் வழக்கம். இரும்பு வாளியில் ஊறவைத்து நீலக்கறுப்புக் கறை வாங்குவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இவை கைப்பிழைகள், பழகினால் திருந்தும். என் மனத்தாங்கல் 'இயற்கை' என்ற சான்றிதழ் மீதுதான். தோல் கூடத்துக் கழிவுநீரின் அழுகல் சுமையில் பெரும்பங்கு சுண்ணாம்பு, மயிர் நீக்கம், சதை வழிப்பு ஆகிய முதற்கட்ட வேலைகளிலிருந்தே வருகிறது. பட்டையோ குரோமியமோ, இந்தக் கட்டம் இரண்டுக்கும் பொது. தோலுக்குப் போட்ட உப்பும் நீரோடு மண்ணுக்குள் போகிறது. கடல் அருகிருந்து கிணறுகள் உவர்த்துவிடுமோ என்று அஞ்சும் வானூர் வட்டத்தில், உப்பும் சுண்ணாம்பும் கலந்த நீரைத் தென்னைக்குப் பாய்ச்சிவிட்டு 'ரசாயனம் இல்லை' என்று பேசுவது பொறுப்பற்ற பேச்சு. சுண்ணாம்பு ரசாயனமில்லாமல் வேறென்ன?

இன்னொன்றும் என்னை உறுத்துகிறது. திண்டுக்கல் தோல் பதனிடும் தொழிலாளர்களைப் பற்றிய டி. செல்வராஜின் 'தோல்' நாவலுக்கு 2012-இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. தலைமுறை தலைமுறையாகச் சுண்ணாம்புத் தொட்டிக்குள் இறங்கி நின்று கைகால் புண்ணானவர்கள் யாரென்று தமிழ் வாசகருக்குத் தெரியும். அவர்களைத் தீண்டத்தகாதவர்களாக ஒதுக்கியதற்கு அந்தத் தொழிலையே காரணம் காட்டினார்கள். இன்று பட்டையின் மணத்தைப் புகழும் எழுத்துகளில் அவர்கள் பெயர் இல்லை, கத்தியும் இல்லை. வழித்துச் சுத்தம் செய்த தோலைக் கடையில் வாங்கிவந்து, சாற்றில் மட்டும் ஊறவைத்து, 'நானே பதனிட்டேன்' என்கிறவர்களும் உண்டு. அவர்கள் செய்தது கடைசிப் பாதி மட்டுமே. முதல் பாதியின் நாற்றத்தையும் சாக்கடையையும் வேறு யாரோ சுமந்திருக்கிறார்கள். அந்த யாரோவுக்கு என்ன கூலி கிடைத்தது, கையுறை இருந்ததா, வழித்த சவ்வு எங்கே கொட்டப்பட்டது என்று தோலை வாங்குகிறபோதே கேட்கலாம்.