இலட்சிய நாட்டு மலர்

பொங்கல் மலர், ஆண்டு மலர், தலைவர் பிறந்தநாள் மலர் என நம்மிடையே மலர்களுக்குக் குறைவில்லை. அட்டையில் பல வர்ணப் படம். உள்ளே வாழ்த்துச் செய்திகள். அவற்றினும் மிகுதியாக விளம்பரங்கள். எஞ்சிய இடத்தில் கட்டுரைகள். 'இலட்சிய நாடு' என்னும் பொருள்பற்றி மலர் வெளியிட முன்வருவோரும் இதே அச்சில்தான் அதனை வார்க்கின்றனர். ஏழை பணக்காரன் என்னும் பேதமற்ற நாட்டை வருணிக்கும் கட்டுரைக்கு எதிர்ப்பக்கத்தில், நன்கொடை அளித்த தனவந்தரின் படம் முழுப்பக்கத்தையும் அடைத்துக்கொண்டு வீற்றிருக்கும். கருத்துக்கும் அதனைத் தாங்கும் உருவத்துக்கும் உள்ள சம்பந்தத்தை நாம் சிந்திப்பதில்லை என்பதற்கு இதுவே அத்தாட்சி. ஆதலால், இத்தகைய மலர் எவ்வாறு அமைய வேண்டும் என்பதை முன்னோர் முயற்சிகள் சிலவற்றைக் கொண்டு ஆராய்வோம்.

இவ்வகை நூல்களுக்குப் பெயர் தந்தது தாமஸ் மோர் இலத்தீனில் எழுதிய 'யுட்டோப்பியா'. இன்று பெல்ஜியத்தில் உள்ள லூவேன் நகரில், எராஸ்மஸின் மேற்பார்வையில், 1516-இல் அச்சாயிற்று. அதில் கதை மட்டும் இல்லை. அத்தீவின் படம், அந்நாட்டாருக்கெனக் கற்பிக்கப்பட்ட நெடுங்கணக்கு, அவர்கள் மொழியில் ஒரு செய்யுள், அறிஞர் பலரின் கடிதங்கள் யாவும் சேர்ந்திருந்தன. ஒருவர் எழுதிய நூலேயாயினும் பலர் கூடித் தொடுத்த மலர் எனலாம். அதனினும் சிறப்பு யாதெனில், மோர் தம்மையே ஒரு பாத்திரமாக்கி, அந்நாட்டைப் புகழ்பவர் கூறுவதனைத்தையும் தாம் ஒப்புக்கொள்ள இயலாதென்று முடிவில் சொல்லிவிடுகிறார். மறுப்புக்கும் ஆசனம் அளித்த இந்நேர்மை நம் மலர்களில் காண்பதரிது.

எனினும் ஒன்றை மறத்தலாகாது. நாளொன்றுக்கு 6 மணி நேரமே உழைப்பு, பொன்னால் மலசலப் பாத்திரம் என்றெல்லாம் வியக்கவைக்கும் அந்நாட்டில் அடிமைகளும் உண்டு. பண்டிகை நாளில் மனைவியர் கணவன்மார் முன் மண்டியிட்டுத் தம் குற்றங்களை ஒப்புக்கொள்ளவும் வேண்டும். தீவின் படத்தில் இவர்களுக்கு இடமில்லை. அழகிய படம் எதை மறைக்கின்றது என்று வினவுவதே விமரிசகன் கடமை.

அடுத்து வில்லியம் மாரிஸ். அமெரிக்கரான எட்வர்டு பெல்லமி 1888-இல் வெளியிட்ட வருங்காலக் கதையில், மக்கள் யாவரும் ஒரு தொழிற்படையின் சிப்பாய்கள் போல் வாழ்ந்தனர். மாரிஸ் அதனை 1889-இல் கண்டித்தார். கண்டனத்தோடு நில்லாமல், உழைப்பே இன்பமாகிவிட்ட ஒரு நாட்டைச் சித்திரித்து, 'எங்குமில்லா நாட்டுச் செய்தி' என்ற கதையை 1890-இல் 'காமன்வீல்' என்னும் ஒரு பென்னி வாரப் பத்திரிகையில் தொடராக எழுதினார். தொடர் முடியுமுன்பே, பத்திரிகையை நடத்திய சமதர்மச் சங்கம் அவரை ஆசிரியப் பதவியினின்று நீக்கிற்று. சச்சரவில்லா நாடு சச்சரவின் நடுவிலேயே எழுதப்பட்டது! ஆயினும் அது தொழிலாளி வாங்கக்கூடிய தாளில் வந்தது. பின்னர் அதே கதையைத் தமது கெல்ம்ஸ்காட் அச்சகத்தில், தாமே வரைந்த எழுத்துக்களில், 1892 என ஆண்டு குறித்து வெளியிட்டார். காகிதப் பிரதிகள் 300. விலை இரண்டு கினி. அச்சுக்கலைக்கு அது ஓர் அணிகலன் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால், எந்தத் தொழிலாளிக்காகக் கனவு கண்டாரோ அவன் கைக்கு அப்பிரதி எட்டவில்லை. அழகு வேண்டும், அது வாசகனை வாசலில் நிறுத்திவிடும் அழகாகிவிடக் கூடாது.

மூன்றாவது உதாரணம் சென்னையில் அச்சானது. வங்காளத்து ரொக்கேயா அம்மையார் ஆங்கிலத்தில் எழுதிய 'சுல்தானாவின் கனவு', 1905-இல் 'இந்தியன் லேடீஸ் மேகஸின்' என்னும் மாதர் பத்திரிகையில் வெளிவந்தது. பெண்கள் ஆளும் அந்நாட்டில் ஆடவரே கோஷாவில் இருக்கின்றனர். சமையல் சூரிய வெப்பத்தால் நடக்கின்றது. படையெடுத்து வந்த பகைவரும் அவ்வெப்பத்தாலேயே விரட்டப்படுகின்றனர். ஒரு பாலாரை அடைத்து மற்றொரு பாலார் வாழ்வது நீதியாகுமா என்று கேட்கலாம். அக்கேள்வியை ஆடவர் வாயிலிருந்து வரவழைப்பதே ஆசிரியையின் நோக்கம். அது படாடோபமான தனி நூலாக முதலில் வரவில்லை. மாதர் நடத்திய ஒரு பத்திரிகையின் சில பக்கங்களில் வந்தது. அம்மையாரும் கனவோடு நின்றுவிடவில்லை; 1911-இல் கல்கத்தாவில் பெண்களுக்கெனப் பள்ளி நடத்தத் தொடங்கினார்.

நம் மொழியில் பெரியார் ஈ. வெ. ராமசாமியின் 'இனிவரும் உலகம்' 1940-களில் வந்தது. கம்பியில்லாச் செய்திக் கருவி ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் இருக்கும் என்று அவர் அன்று சொன்னதை இன்று பலரும் எடுத்துக்காட்டிப் பெருமை கொள்கின்றனர். ஆனால் நாம் பெரிதாக மதிப்பது வேறொன்று. 1935-இலேயே அவர் 'குடி அரசு' பத்திரிகையில் எழுத்துச் சீர்திருத்தத்தை அச்சில் கொண்டுவந்தார். கற்கும் குழந்தைக்கும் அச்சுக் கோப்பவருக்கும் பாரம் குறைந்தது. தமிழ்நாடு அரசு அதனை ஏற்றது 1978-இல். மோரின் நூல் இல்லாத நாட்டுக்கு எழுத்து வகுத்தது. 'குடி அரசு' இருக்கும் நாட்டின் எழுத்தையே மாற்றியது. சட்டம் வரும்வரை காத்திராமல், வரவேண்டிய உலகத்தின் ஒரு துணுக்கை இன்றைய தாளிலேயே நடைமுறைப்படுத்திக் காட்டிய வடிவமைப்பு இது.

ஆகவே, இலட்சிய நாட்டு மலர் தொடுக்க விரும்பும் அன்பர்களுக்கு நாம் கூறுவது இதுவே. எழுதுவோர் வரிசையில் பெண்களும் தொழிலாளரும் விருந்தினராய் அன்றி உரிமையாளராய் அமரட்டும். மறுப்புக் கட்டுரைக்கு நல்ல பக்கம் ஒன்றை ஒதுக்குங்கள். தனவந்தர் படத்தை நீக்கி, அவ்விடத்தில் மலரின் வரவுசெலவுக் கணக்கை வெளியிடுங்கள். எழுதியவருக்கும் அச்சிட்டவருக்கும் கொடுத்த கூலி அதில் தெரியட்டும். கூலி கொடாமல் அச்சிட்ட சமத்துவம் பொய்ச் சமத்துவமே. ஒருவர் வாய்விட்டுப் படித்தால் எழுத்தறியாதவரும் கேட்டுப் பொருள் கொள்ளுமாறு நடை அமையட்டும்.

இவ்வளவும் செய்தால் விளம்பரம் குறையும், பக்கங்களும் குறையும். குறையட்டும். நூறு பக்கத்தில் சமத்துவத்தைப் பாடுவதினும் பதினாறு பக்கத்தில் அதனை நடத்திக் காட்டுவது மேல்.