கான்பூர் .32: பழசை நம்பி வாங்கலாமா?

பழைய சின்ன ரிவால்வர் என்று தேடினால் முதலில் கையில் சிக்குவது கான்பூர் அரசுத் தொழிற்சாலையின் .32தான். இங்கிலாந்தின் வெப்ளி மார்க் 4-ஐப் பார்த்துச் செய்தது. ஆறு தோட்டா. பின்பக்கக் கொக்கியைக் கட்டைவிரலால் தள்ளினால் குழல் முன்னால் மடிந்து, ஆறு கூடுகளும் ஒன்றாக மேலே எழும்பும். அழகான ஏற்பாடு. அதன் பலவீனமும் அந்த மடிப்பில்தான் இருக்கிறது.

காலியா என்று இரண்டு முறை பார்த்துவிட்டு, குழலை ஒரு கையிலும் பிடியை மறு கையிலும் பிடித்து மெல்ல அசைத்துப் பாருங்கள். கீலில் ஆட்டம் தெரிந்தால் விலை பேசவே வேண்டாம். அடுத்தது சிலிண்டர். சுத்தியலை முழுதும் இழுத்த நிலையில் ஒவ்வொரு அறையும் குழலுக்கு நேராக வந்து நிற்க வேண்டும். குழலுக்குள் டார்ச் அடித்தால் வரிகள் கூர்மையாகத் தெரியணும். கருவளையம் ஒன்று தெரிந்தால் குழல் உப்பியிருக்கலாம். மேலே கறுப்புப் பூச்சு போயிருப்பதை நான் பொருட்படுத்துவதில்லை. புதுப் பூச்சு பளபளத்தால்தான் சந்தேகம்.

நான் வைத்திருப்பதில் விசை கனம். சுத்தியலை இழுக்காமல் நேரே விசையை அழுத்திச் சுட்டால் ரேஞ்சில் குறி சிதறுகிறது. இழுத்துவிட்டுச் சுட்டால் பரவாயில்லை. அதிர்வு குறைவு, சத்தம்தான் அதிகம். இடுப்பில் ஒன்று இருந்தால் பயமில்லை என்று நினைப்பவர்கள் ஒருமுறை ரேஞ்சுக்குப் போய் வரட்டும்.

தோட்டாவில் ஒரு எச்சரிக்கை. கடையில் '.32' என்றால் இரண்டு வகை உண்டு. பிஸ்டலுடைய .32 ஏசிபி இந்த ரிவால்வருக்குள் நுழைந்துவிடும். ஆனால் அதன் அழுத்தம் கூடுதல். இதற்கு உரியது .32 ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் லாங் மட்டுமே.

காகிதத்துக்கு வருவோம். எங்கள் நாமக்கல் தனி மாவட்டமானது 1997இல். அதற்கு முந்தைய லைசென்ஸ் என்றால் சேலம் கலெக்டர் ஆபீஸ் முத்திரை இருக்கும். அதற்குப் பிந்தைய புதுப்பிப்புகளில் இடைவெளி இருக்கக் கூடாது. துப்பாக்கியில் உள்ள எண்ணும் லைசென்ஸ் புத்தகத்தில் எழுதிய துப்பாக்கி எண்ணும் ஒத்துப்போக வேண்டும். தனிநபர் விற்பதாக இருந்தால் கலெக்டருக்கோ ஸ்டேஷனுக்கோ எழுத்தில் தெரிவித்து 45 நாள் கழிந்திருக்க வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிதான், லைசென்ஸ் ஐந்தாண்டு.

வெளிநாட்டு வெப்ளிக்கும் ஸ்மித் அண்ட் வெஸ்ஸனுக்கும் லட்சங்கள் கேட்பதற்குக் காரணம் தரமல்ல; தனியார் இறக்குமதி 1980களிலேயே நின்றுபோனது. அந்த விலைக்கு, பக்கவாட்டில் திறக்கும் 2023ஆம் ஆண்டுப் 'பிரபல்' ரிவால்வரைப் புதிதாகவே பாருங்கள்.

பராமரிப்பில் நம்மூர்ச் சங்கடம் தறிப் பஞ்சு. வெண்ணந்தூரில் அது வீட்டுக்குள்ளும் பறக்கும். எண்ணெய் அதிகம் விட்டால் பஞ்சு ஒட்டிக் கீலில் பசையாகிவிடும். ஒரு சொட்டு விட்டுத் துணியால் துடைத்தெடுத்தால் போதும். சுட்ட அன்றே சிலிண்டர் அறைகளைப் பித்தளைப் பிரஷால் தேய்க்கணும். தோல் உறையிலேயே போட்டுவைக்காதீர்கள், ஈரத்தை இழுத்துத் துருவேற்றும். தேர்தலுக்கு ஒப்படைக்கச் சொன்னால் மட்டும் வழக்கத்தைவிடக் கொஞ்சம் தாராளமாகத் தடவி, எண்ணெய்த்துணி சுற்றி, ரசீதில் துப்பாக்கி எண் சரியா என்று பார்த்துவிட்டுக் கொடுங்கள்.