பேசத் தெரிந்த வேட்டைக்காரன்

பேசும் விலங்குகள் நம் பிள்ளைகளுக்குப் புதிதல்ல. பஞ்சதந்திரத்தில் நரி அரசியல் பேசும்; எலியும் ஆமையும் நட்பின் இலக்கணம் பேசும். ஆனால் அவை பேசுவதெல்லாம் மனிதப் பேச்சு. தோலுக்குள் இருப்பவர்கள் அமைச்சரும் வணிகரும்தான். மிஷெல் பேவர் 2004-இல் எழுதிய ‘வுல்ஃப் பிரதர்’ இந்த வழக்கத்தை விட்டு வெகுதூரம் விலகிய சிறார் நாவல். அந்த விலகலில் கிடைத்தது என்ன, அவர் பாதியில் கைவிட்டது என்ன என்று இரண்டையும் பார்க்க வேண்டும்.

கதை நடப்பது ஆறாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய வட ஐரோப்பியக் காட்டில். உழவு அங்கே இன்னும் எட்டிப்பார்க்கவில்லை. தீய ஆவி புகுந்த கரடி ஒன்று, பன்னிரண்டு வயது டோரக்கின் அப்பாவை எடுத்த எடுப்பிலேயே குதறிவிடுகிறது. அவர் சாகும் தறுவாயில், செங்காவியால் மரணக் குறிகள் இட வேண்டிய கடமை சிறுவனின் தலையில் விழுகிறது. தனியனாகிக் காட்டில் அலையும்போது, வெள்ளத்தில் குடும்பத்தையே இழந்த ஓர் ஓநாய்க்குட்டியைக் காண்கிறான். பசி வயிற்றைக் கிள்ள, அதைக் கொன்று தின்னலாம் என்றுதான் முதலில் நினைக்கிறான். பிறகுதான் அதன் பேச்சு தனக்குப் புரிவது தெரிகிறது. கைக்குழந்தையாக இருந்தபோது அப்பா அவனைச் சில காலம் ஓநாய்க் குகையில் விட்டு வைத்திருந்தார். அங்கே படிந்த மொழி அது.

அந்த மொழியைப் பேவர் கட்டியிருக்கும் விதம்தான் நாவலின் பெரும் பலம். காதின் திருப்பம், வாலின் நிலை, மோப்பம், முனகல், பார்வை எல்லாம் சேர்ந்ததே ஓநாய்ப் பேச்சு. டோரக்குக்கு வால் கிடையாது, மூக்கும் மந்தம். அதனால் பாதியைத்தான் அவனால் சொல்ல முடிகிறது, பாதியைத்தான் புரிந்துகொள்ள முடிகிறது. இடையிடையே ஓநாயின் கண்ணோட்டத்தில் வரும் பகுதிகளில் உலகம் முதலில் வாசனையாகவும் அதன் பிறகே காட்சியாகவும் வருகிறது. ஓநாய்க்குத் தீ ஒரு கடிக்கும் மிருகம். டோரக், வாலில்லாத நெட்டையன். ஓநாய்களோடு பழகியும் வடதுருவ நிலங்களில் அலைந்தும் பேவர் சேர்த்த அறிவு இந்தப் பக்கங்களில் துருத்திக்கொண்டு நிற்பதில்லை, கதையோடு கரைந்திருக்கிறது. அன்பிருந்தால் எல்லாம் புரிந்துவிடும் என்று குழந்தைகளுக்குச் சொல்லாத புத்தகங்கள் குறைவு. இது அவற்றில் ஒன்று.

இந்தப் புத்தகத்தின் இருளுக்கு நியாயம் இருப்பதும் அதனால்தான். மொழி தெரிந்ததால் யாரும் தப்புவதில்லை, சுமைதான் கூடுகிறது. இறுதியில் கரடியை அழிக்கத் தேவையானதை உலக ஆவியின் மலைக்குக் கொண்டுபோகும் வேலையை டோரக் ஓநாயிடம்தான் ஒப்படைக்க வேண்டியிருக்கிறது. ஏன் அனுப்புகிறான் என்பதை அதற்கு முழுதாக விளக்க அவனால் முடியவில்லை. தன்னை நம்பும் உயிரை ஆபத்துக்குள் அனுப்புவது எத்தகைய செயல் என்ற கேள்வியைப் பேவர் மழுப்பாமல் குழந்தையின் முன் வைக்கிறார்.

குறைக்கு வருகிறேன். டோரக் ஒரு மானைக் கொல்லும் பகுதி நுணுக்கமாக எழுதப்பட்டது. மானின் ஆவிக்கு நன்றி சொல்கிறான். பிறகு தோல், நரம்பு, இரைப்பை என்று எதையும் வீணாக்காமல் பயன்படுத்துகிறான். கொன்றதை மதிப்பதென்றால் முழுதும் பயன்படுத்துவது என்ற குல நெறி அங்கே உழைப்பாகவே காட்டப்படுகிறது. ஆனால் அந்த மான் பேசுவதில்லை. இந்த நூலில் மனிதரல்லாத ஓர் உயிரின் மனத்துக்குள் நாம் நுழைவது ஓநாய் வழியாக மட்டுமே. வேட்டையாடும் விலங்குக்குப் பேச்சும், இரையாகும் விலங்குக்கு நன்றியும் என்று பங்கு பிரிந்துவிடுகிறது. மானுக்கும் குரல் கொடுத்திருந்தால் டோரக்கின் கை நடுங்கியிருக்கும், நாவலும் கடினமாகியிருக்கும். பேவர் அந்த இடத்தை மௌனத்தால் கடந்துபோகிறார். பியர்ஸ் டோர்டே 2013-இல் எழுதிய ‘த லாஸ்ட் வைல்ட்’ இந்தத் துணிவைக் காட்டுகிறது: கொள்ளைநோயில் விலங்குகள் அநேகமாக அழிந்துபோன உலகில், வாய்பேசாத சிறுவன் கெஸ்டரை எஞ்சிய விலங்குகள் தேடி வருகின்றன, அவற்றை வழிநடத்துவது ஒரு கலைமான். ஆனால் டோர்டேயின் விலங்குகள் தெளிவான மனித வாக்கியங்களில் பேசுவதால், பேவர் சாதித்த அந்நியத்தன்மை அங்கே கிடைக்காது.

கரடி விஷயமும் உறுத்துகிறது. அதற்குள் ஆவியை ஏவியவன் ஒரு மனிதன். ஆக, கரடியும் பலியான உயிரே. இருந்தும் அது வெறும் பயங்கரமாகவே வந்து போகிறது.

இதைவிடப் பெரிய சறுக்கல் அடுத்த நூலான ‘ஸ்பிரிட் வாக்கர்’ முதல் தொடங்குகிறது. டோரக்கின் ஆவி பிற விலங்குகளின் உடலுக்குள் புகக்கூடியது என்று தெரியவருகிறது. சாகசத்துக்கு வசதிதான். ஆனால் எந்த உயிருக்குள்ளும் புகுந்து பார்க்கலாம் என்றானபின், வாலில்லாமல் திணறித் திணறிப் பேசிய சிறுவனின் அருமை குறைந்துபோகிறது. பாடுபட்டுச் சம்பாதித்த புரிதலின் இடத்தில் ஓர் அதிகாரம் வந்து உட்கார்கிறது.

மூன்றாம் நூலான ‘சோல் ஈட்டர்’ இழந்ததில் பெரும்பகுதியை மீட்கிறது. எதிரிகள் பிடித்துச் சென்ற ஓநாயை மீட்க மாறுவேடத்தில் அவர்களிடையே நுழையும் டோரக், நம்பிக்கை பெறுவதற்காக ஓர் ஆந்தையைப் பலியிட நேர்கிறது. வேட்டையாடும் உயிரைக் கொல்வது குல நெறிக்கு எதிரானது. ஒரு நண்பனுக்காக, தனக்கு எந்தத் தீங்கும் செய்யாத இன்னொன்றைக் கொன்ற குற்றம் அவனுடையதாகிறது. முதல் நூல் மானிடம் கேட்காமல் விட்ட கேள்வி ஆந்தையிடம் வந்து நிற்கிறது.

2009-இல் வந்த ஆறாம் நூலான ‘கோஸ்ட் ஹன்டர்’ அடுத்த ஆண்டு கார்டியன் சிறார் புனைவுப் பரிசைப் பெற்றது. என் தேர்வு முதல் நூலும் மூன்றாம் நூலும்தான். பத்து வயதுப் பிள்ளைக்குத் தயங்காமல் கொடுப்பேன். அப்பா சாகும் முதல் அத்தியாயத்தையும் ஆந்தை பலியாகும் இடத்தையும் மட்டும் கூடவே உட்கார்ந்து வாசிப்பேன். அங்கே அவர்கள் கேட்கும் கேள்விகளுக்குப் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.