கிண்ணத்தில் மடிந்தால் போதுமா?

கல்வராயன் மலையில் கடுக்காய் மரம் உண்டு. கள்ளக்குறிச்சி வீடுகளில் துளசி உண்டு. இத்தகைய தாவரங்களின் சாற்றைத் துத்தநாக உப்புக் கரைசலில் கலந்து சூடாக்கினால் துத்தநாக ஆக்சைடின் நுண்துகள்களைப் பெறலாம். ஒவ்வொரு துகளும் 100 நானோமீட்டருக்கும் சிறியது. நம் தலைமயிரின் தடிமனோ ஏறத்தாழ 80,000 நானோமீட்டர்! இத்துகள்கள் வாய்ப் புற்றுநோயை அழிக்கும் என்று கூறும் ஆய்வுக் கட்டுரைகள் பல வருகின்றன. மாணவர்கள் அவற்றை எப்படிப் படிக்க வேண்டும்?

துகள்கள் உயிரணுக்களைக் கொல்வது உண்மையே. உள்ளே புகுந்த துகள், அங்குள்ள அமிலத்தில் கரைந்து துத்தநாக அயனிகளை வெளிவிடுகிறது. வினைத்திறன் மிக்க ஆக்சிஜன் சேர்மங்களும் உண்டாகி உயிரணுவைச் சிதைக்கின்றன. ஆனால், மடிந்தது எந்த உயிரணு?

இவ்வகை ஆய்வுகள் பலவற்றில் 'கே.பி.' என்னும் உயிரணுக்களே பயன்படுகின்றன. 1950-களில் வாய்ப் புற்றிலிருந்து வளர்க்கப்பட்டதாகக் கருதப்பட்டவை இவை. பிற்கால மரபுச் சோதனைகளோ இவை 'ஹீலா' உயிரணுக்களே என்று காட்டிவிட்டன. 1951-இல் ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற அமெரிக்கப் பெண்மணியின் கருப்பைவாய்ப் புற்றிலிருந்து எடுக்கப்பட்ட ஹீலா, ஆய்வுக்கூடங்களில் பிற வளர்ப்புகளோடு கலந்துவிட்டது. ஆகவே, கே.பி.யில் கிடைத்த வெற்றியை வாய்ப் புற்றின் மீது பெற்ற வெற்றி எனக் கொள்ள இயலாது.

இன்னும் இரண்டு கேள்விகள் உள்ளன. நல்ல உயிரணுக்கள் பிழைத்தனவா? நோயாளியின் உடலில் துகள் கட்டியை மட்டும் சென்றடையுமா? கண்ணாடிக் கிண்ணம் இரண்டாவது கேள்விக்கு விடை தராது.

உலோக ஆக்சைடு வழியே பயனற்றது என்பதன்று நம் கருத்து. ஹாஃப்னியம் ஆக்சைடுத் துகளைக் கட்டியினுள் செலுத்திக் கதிர்வீச்சின் வலிமையைக் கூட்டும் முறைக்கு, மென்திசுப் புற்றுக்காக 2019-இல் ஐரோப்பிய அனுமதி கிடைத்தது. தலை, கழுத்துப் புற்றுநோயாளிகளிடம் பெரிய மருத்துவ ஆய்வு 2022-இல் தொடங்கியது. நோயாளிகளிடம் படிப்படியாகச் சோதிப்பதே முறையான பாதை.

அதுவரை? திருவனந்தபுரம் பகுதியில் 1996 முதல் நடந்த ஆய்வில், பயிற்சி பெற்ற நலப் பணியாளர்கள் மக்களின் வாயைக் கண்ணால் பார்த்துச் சோதித்தார்கள். புகையிலை அல்லது மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப் புற்று மரணம் 34 விழுக்காடு குறைந்ததாக 2005-இல் முடிவு வெளியாயிற்று. வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, இரண்டு வாரமாகியும் ஆறாத புண் ஆகியவற்றை மலைச் சிற்றூரிலும் கண்டறியலாம். புகையிலையையும் பாக்கையும் விட்டுவிட்டால் நோயின் வேரிலேயே கை வைக்கலாம். நாளைய மருந்தைப் பற்றிய ஆர்வத்தில் இன்று கைவசமுள்ள இந்த வழியை நாம் மறந்துவிடக் கூடாது.