ஜார்ஜ் குளூனியும் ஆஸ்துமா மருந்தும்

சென்னைக்கு நைட் லைஃப் கிடையாது என்று பெங்களூரு நண்பர்கள் கேலி செய்யும்போதெல்லாம், நள்ளிரவுக்கு மேல் ஓ.எம்.ஆர். பக்கம் வந்து பாருங்கள் என்பேன். டாஸ்மாக் பத்து மணிக்கே ஷட்டரை இறக்கிவிடும். நட்சத்திர ஓட்டல் பாருக்குப் போனால் மாசக் கடைசியில் கிரெடிட் கார்டு பில் வந்து கேள்வி கேட்கும். ஆனால் சோழிங்கநல்லூர் தாண்டி சைக்கிளில் டீ கேன் கட்டிக்கொண்டு நிற்பவரைச் சுற்றி எந்நேரமும் ஏழெட்டுப் பேர் இருப்பார்கள், கழுத்தில் அடையாள அட்டையைத் தொங்கவிட்டபடி. அமெரிக்காவில் அப்போது மதியச் சாப்பாட்டு நேரம்.

போன மாதம் ஒரு நாள் நானும் அங்கே நின்றிருந்தேன். அப்போதுதான் ஒரு வீடியோ அழைப்பு முடிந்திருந்தது. மொத்தம் பதினோரு நிமிடம். என் டீமில் ஒருவரை வேலையைவிட்டு அனுப்பும் அழைப்பு. அமெரிக்க டைரக்டரும் கூட இருக்க வேண்டும் என்பதால் ராத்திரி பதினொன்றரைக்கு வைத்திருந்தார்கள். பேச வேண்டியவர் எச்.ஆர். பெண். மேனேஜர் என்ற முறையில் எனக்கும் மூன்று வரி எழுதிக் கொடுத்திருந்தார்கள். வீட்டுக்கு வந்து தூக்கம் வராமல் 'அப் இன் தி ஏர்' படத்தைப் போட்டேன். மூன்றாவது முறை.

ஜேசன் ரைட்மன் இயக்கி 2009-ல் வந்த படம். வால்டர் கிர்ன் 2001-ல் எழுதிய நாவலைத் தழுவியது. ஜார்ஜ் குளூனிக்கு ரயன் பிங்கம் என்ற பாத்திரம். ஆளை அனுப்புவதற்குத் தைரியமில்லாத முதலாளிகள் கூலி கொடுத்து அழைக்கும் ஆள். ஊர் ஊராகப் பறந்து, முன்பின் தெரியாதவர்களை உட்காரவைத்து, உங்களுக்கு வேலை போய்விட்டது என்று பக்குவமாகச் சொல்ல வேண்டும். வருடத்தில் 322 நாள் பயணம், மீதி 43 நாள் வீட்டில் அவஸ்தை. அவருடைய ஒரே லட்சியம் விமானக் கம்பெனிக் கணக்கில் ஒரு கோடி மைல் சேர்ப்பது. நாவலில் அது பத்து லட்சம்தான். எட்டு வருடத்தில் விலைவாசி அவ்வளவு ஏறியிருக்கிறது.

நான் முதலில் இதைப் பார்த்தது ஒமாஹாவில், 2012-ல். நெப்ராஸ்கா மாநிலத்து ஊர், பிங்கத்துக்கும் அதுதான் தலைமையகம். படிப்பு முடித்து மூன்று வருடம் ஆகியிருந்த என்னை ஆறு வாரம் கே.டி. எடுக்க அனுப்பியிருந்தார்கள். கே.டி. என்றால் தெரியாதவர்களுக்கு: அங்கே ஒருவர் இருபது வருடமாகச் செய்யும் வேலையை அவர் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொண்டு, பெட்டியில் வைத்து சென்னைக்குக் கொண்டுவருவது. போகும்போது பெட்டியில் பருப்புப் பொடி, எம்.டி.ஆர். பாக்கெட், சின்ன ரைஸ் குக்கர். படத்தில் ஓரிடத்தில் பிங்கம், ஏர்போர்ட் பரிசோதனை வரிசையில் ஆசியர்களுக்குப் பின்னால் நில், அவர்கள் சாமான் குறைவு, ஷூவும் சட்டென்று கழற்றுகிற மாதிரி இருக்கும் என்று உதவியாளப் பெண்ணுக்குச் சொல்லிக்கொடுப்பார். அவர் நம்மாட்களுக்குப் பின்னால் நின்றதில்லை என்பது நிச்சயம்.

எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் அறுபதை நெருங்கியவர். காப்பீட்டு பாலிசிகளின் தவணைத் தேதி கணக்கிடும் கோபால் நிரல்கள் அவர் பொறுப்பு. மார்ச் கடைசியில் அவருக்கு வேலை முடிகிறது. அதுவரை இருந்து எனக்கு முழுசாகச் சொல்லிக்கொடுத்தால்தான் பிரிவுத் தொகை. அன்றன்று என்ன கற்றேன் என்று ஒரு எக்செல் தாளில் நான் பச்சை நிறம் அடிக்க வேண்டும். ஒவ்வொரு பச்சைக்கும் அவர் ஒரு படி இறங்குகிறார் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். அதைப் பற்றிப் பேசியதேயில்லை. காலையில் எனக்கும் சேர்த்து காபி கொண்டுவருவார்.

அந்த வருடம் லீப் வருடம். பிப்ரவரி 29 ராத்திரி ஒரு பேட்ச் ஜாப் விழுந்துவிட்டது. அன்றைய தேதியோடு ஒரு வருடத்தைக் கூட்டினால் 2013 பிப்ரவரி 29 என்று வரும், அப்படி ஒரு நாளே கிடையாது. (இதே காரணத்தால் மைக்ரோசாஃப்டின் அஸூர் சேவையும் அதே நாளில் படுத்தது. ஏழை பணக்காரன் வித்தியாசம் பார்க்காத பிழை.) கொட்டும் குளிரில் மனுஷன் காரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். 2008-லும் இதே ஜாப் விழுந்ததாம். அப்போதே திருத்தக் காசு கேட்டிருக்கிறார். நாலு வருஷத்துக்கு ஒருமுறை வருவதற்கெல்லாம் பட்ஜெட் கிடையாது என்றுவிட்டார்கள். கையால் தேதியைத் திருத்தி ஜாபை மறுபடி ஓடவிட்டு, அது முடியும்வரை காத்திருந்தபோதுதான் கேட்டார். "எங்க ஊர்க்காரன் படம் ஒண்ணு இருக்கு. பார்த்திருக்கியா?"

அந்த வாரக் கடைசியில் பார்த்தேன். எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. அதைச் சொல்லத்தான் வெட்கமாக இருக்கிறது. பக்கத்து நாற்காலியிலேயே ஒருவர் வேலை போய்க்கொண்டிருந்தது, எனக்குக் குளூனி பெட்டி அடுக்கும் அழகு பிடித்தது. ஜிப், மடிப்பு, சக்கரம், அட்டை உரசும் சத்தம் என்று ரைட்மன் அதை நடனம் மாதிரி வெட்டியிருப்பார். ஓட்டல் பாரில் பிங்கமும் அலெக்ஸும் விசுவாச அட்டைகளை மேஜையில் பரப்பி, யாருடையது உசத்தி என்று சீட்டுக்கட்டுபோல ஆடும் காட்சி பயண வேலை செய்கிறவர்களைப் பற்றி வந்த காட்சிகளிலேயே மிகச் சரியானது என்று இன்றும் சொல்வேன். சில வருடம் கழித்து எனக்கும் ஒரு வெள்ளி நிற அட்டை கிடைத்தது. ஃபிராங்க்ஃபர்ட்டில் லவுஞ்சில் ஓசி பியரோடு உட்கார்ந்து யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்தேன். ஒருவரும் பார்க்கவில்லை.

இரண்டாம் முறை பார்த்தது 2021 டிசம்பரில். அமெரிக்காவில் பெட்டர் டாட் காம் என்ற அடமானக் கடன் கம்பெனியின் தலைவர் விஷால் கர்க், ஒரே ஜூம் அழைப்பில் சுமார் 900 பேரை வீட்டுக்கு அனுப்பியிருந்தார். படத்தில் நடாலி என்ற இளம்பெண், நேரில் போகவே வேண்டாம், திரையிலேயே ஆளை அனுப்பலாம் என்று திட்டம் கொண்டுவருவாள். நாவலில் அந்தப் பாத்திரமே கிடையாது, ரைட்மன் சேர்த்தது. டெட்ராய்ட்டில் அதைச் சோதித்துப் பார்க்கும்போது வேலை இழப்பவர் அடுத்த அறையில்தான் இருப்பார். அவர் அழும் சத்தம் சுவரைத் தாண்டிக் கேட்கும். எப்படி முன்கூட்டியே சொன்னார்கள் பாருங்கள் என்று அப்போது நண்பர்களுக்கெல்லாம் வாட்ஸப் அனுப்பினேன். 2023 ஜனவரியில் கூகுள் 12,000 பேருக்கு மின்னஞ்சலிலேயே சொல்லிமுடித்தபோது நடாலியின் திரைகூட ஆடம்பரமாகத் தெரிந்தது. 2025 ஜூலையில் டி.சி.எஸ். ஏறக்குறைய அதே எண்ணிக்கையை அறிவித்தபோது யாருக்கும் எதையும் அனுப்பத் தோன்றவில்லை. சிறுசேரி எங்களுக்குக் கூப்பிடு தூரம்.

இந்த மூன்றாவது முறைதான் வேறொன்று கண்ணில் பட்டது. ஆரம்பத்தில் ஜே.கே. சிம்மன்ஸ் வரும் காட்சி. பிள்ளைகளின் போட்டோவைக் காட்டி, காப்பீடு போய்விட்டால் மகளின் ஆஸ்துமாவுக்கு மருந்து எப்படி வாங்குவேன் என்று கேட்பார். நடாலி ஏதோ உளறிவிட, பிங்கம் குறுக்கே புகுந்து, அவருடைய பயோடேட்டாவில் பிரெஞ்சு சமையல் கற்றதாக இருக்கிறதே, அந்தக் கனவை எவ்வளவு சம்பளத்துக்கு விற்றீர்கள் என்று கேட்பார். சிம்மன்ஸ் முகம் மெல்ல இளகும். முதல் இரண்டு முறையும் பிங்கத்தின் சாமர்த்தியத்தை ரசித்தேன். இப்போது ரிமோட்டை எடுத்துப் பின்னோக்கி ஓட்டிப் பார்த்தேன். மருந்துக்கு என்ன வழி? அந்தக் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவேயில்லை. கேட்டவரே மறந்துபோகிற மாதிரி பேச்சை மாற்றியிருக்கிறார்கள், எனக்கும் மறந்துபோயிருக்கிறது.

படம் முழுக்கவே இந்த வேலையைத்தான் செய்கிறது என்பது என் குற்றச்சாட்டு. ரைட்மன் எழுத ஆரம்பித்தபோது பொருளாதாரம் நன்றாக இருந்தது. படமெடுக்க வரும்போது கவிழ்ந்திருந்தது. செயின்ட் லூயிஸிலும் டெட்ராய்ட்டிலும் விளம்பரம் கொடுத்து, நிஜமாகவே வேலை இழந்தவர்களைக் கூப்பிட்டு கேமரா முன் உட்காரவைத்தார். அந்த முகங்கள் நடிகர்களால் முடியாத ஒன்றைச் செய்கின்றன. ஆனால் கதை அவர்களைத் தாண்டி எங்கே போகிறது? பிங்கத்துக்குக் குடும்பம் இல்லையே, பாவம் என்ற இடத்துக்கு. தங்கை கல்யாணம், அலெக்ஸ் மேல் காதல், சிகாகோவில் அவள் வீட்டுக் கதவைத் தட்டினால் உள்ளே குழந்தைகள் சத்தம். அவருடைய தொழிலுக்குத் தண்டனை கிடையாது, ஒண்டிக்கட்டையாக இருந்ததற்குத்தான் தண்டனை. நடாலி வேலையைவிட்டு அனுப்பிய பெண் ஒருத்தி பாலத்திலிருந்து குதித்துச் செத்துப்போகிறாள். அது கதைக்கு எதற்குப் பயன்படுகிறது என்றால், திரைத் திட்டத்தை நிறுத்திவைத்து குளூனியை மறுபடி விமானத்தில் ஏற்றத்தான். அவள் வீட்டில் யார் இருந்தார்கள் என்று படம் திரும்பிப் பார்ப்பதில்லை. முடிவில் அந்த நிஜ மனிதர்கள் திரும்ப வந்து, குடும்பம்தான் தங்களைத் தாங்கியது என்கிறார்கள். அதில் பொய்யில்லை. ஆனால் வேலையைப் பற்றித் தொடங்கிய பேச்சு கல்யாணத்தில் முடிகிறது. நம்மூரில் பையனுக்கு வேலை போனால் கால்கட்டு போட்டால் சரியாகிவிடும் என்பார்களே, கிட்டத்தட்ட அதேதான். ஹாலிவுட் காசில் எடுத்திருக்கிறார்கள், ஆறு ஆஸ்கர் பரிந்துரையும் வாங்கினார்கள்.

இதைச் சொல்ல எனக்கு என்ன யோக்யதை என்றால், அந்த ராத்திரி அழைப்பில் எச்.ஆர். பெண் வாசித்து முடித்ததும் அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "சார், அம்மாவுக்கு வாரம் ரெண்டு டயாலிசிஸ் ஓடுது. கம்பெனி இன்ஷூரன்ஸ் எந்தத் தேதி வரைக்கும்?" என்னைப் பார்த்துத்தான் கேட்டார். எனக்குத் தெரியாது. போர்ட்டலில் டிக்கெட் போடுங்கள், மூன்று வேலை நாளில் பதில் வரும் என்றார் எச்.ஆர். எனக்குக் கொடுத்த மூன்று வரிகளில் அதற்கு எதுவும் இல்லை. அதனால் நானாகச் சொன்னேன். "உங்க ஸ்கில்லுக்கு எங்க வேணா கிடைக்கும். டேட்டா சயின்ஸ் பக்கம் போகணும்னு சொல்லிட்டே இருப்பீங்களே, இதை ஒரு பிரேக்கா எடுத்துக்குங்க." எச்.ஆர். பெண் எனக்குத் தனியாக சாட்டில் ஒரு கட்டைவிரல் அனுப்பினார்.

ஒமாஹாக்காரர் அந்தப் படத்தை எதற்காக என்னைப் பார்க்கச் சொன்னார் என்று நான் கேட்டுக்கொண்டதேயில்லை. திங்கட்கிழமை, "பார்த்தியா?" என்றார். சூப்பர் படம் என்றேன். சிரித்துக்கொண்டே, அன்றைக்கான தாளைத் திறந்தார்.

படத்தில் வேலையை விட்டுப்போன ஒரே ஒருத்திக்குத்தான் உருப்படியான உதவி கிடைக்கிறது. நடாலிக்காக பிங்கம் ஒரு சிபாரிசுக் கடிதம் எழுதுகிறார், சான்பிரான்சிஸ்கோவில் வேலை கிடைத்துவிடுகிறது. அதைப் பார்த்துவிட்டு விடிகாலை நாலு மணிக்கு லிங்க்ட்இன்னில் நானும் எங்கள் டீம்காரருக்கு எட்டு வரி எழுதினேன். நன்றாகவே வந்திருந்தது. "தேங்க்ஸ் சார்" என்று பதில் போட்டார். கூடவே டிக்கெட் எண்ணையும் அனுப்பி, கொஞ்சம் பார்க்க முடியுமா என்று கேட்டிருந்தார். நானும் தினம் காலையில் திறந்து பார்க்கிறேன். நேற்றுவரை 'பரிசீலனையில்' என்றுதான் இருக்கிறது.