பங்கிடப்பட்ட பிஞ்சு

நிலத்தைப் பங்கிடுவர், நீர்த்துறையைப் பங்கிடுவர், முற்றத்து முருங்கைக்கும் நடுவே வேலி போட்டுக் கிளைகளை எண்ணிப் பிரித்துக்கொள்வர். வழக்குமன்றங்கள் கண்டு சலித்த பங்கீடுகள் இவை. குழந்தையைப் பங்கிட்டால்? ஆறு திங்கள் தந்தைக்கு, ஆறு திங்கள் தாய்க்கு என்று தீர்ப்பெழுதி, ஒரு சிறுமியின் ஆண்டை நடுவே அறுத்து ஆளுக்கொரு துண்டாகக் கொடுத்தால்? ஹென்றி ஜேம்ஸ் 1897-இல் வெளியிட்ட ‘மெய்சி அறிந்தது’ என்னும் ஆங்கிலப் புதினம் இந்த இடத்திலிருந்துதான் புறப்படுகிறது.

ஜேம்ஸ் எளிய எழுத்தாளர் அல்லர். நியூயார்க்கில் பிறந்து, இங்கிலாந்தில் குடியேறி, 1916-இல் மறைந்த அவருடைய வாக்கியம் ஒரு தெருவில் நுழைந்து மூன்று சந்துகளைச் சுற்றிக்கொண்டுதான் வீடு வந்து சேரும். கல்லூரியில் நாம் முதன்முறை இந்நூலைத் திறந்தபோது இருபது பக்கத்தில் மூடிவைத்தோம். பள்ளியில் பணியேற்றுக் குழந்தைகளோடு நாளெல்லாம் பழகத் தொடங்கிய பின்னரே, இதை விடாது படித்தாக வேண்டும் என்ற வேட்கை பிறந்தது.

கதையைச் சுருங்கச் சொல்லிவிடலாம். பீல், ஐடா என்னும் இருவர் மணவிலக்குப் பெறுகின்றனர். மகள் மெய்சியை மன்றம் தந்தையிடமே ஒப்படைத்திருக்கும். ஆனால் குழந்தையின் பராமரிப்புக்கென முன்னரே ஐடா கொடுத்திருந்த 2,600 பவுன் பணத்தை அவன் விழுங்கிவிட்டான். திருப்பிக் கொடுக்க வழியில்லை; ஆகவே குழந்தையில் பாதியை விட்டுக்கொடுத்தான்! கடனுக்கு ஈடாகப் பெற்ற பிள்ளையை எடைபோட்ட அந்தக் கணக்கை ஜேம்ஸ் சற்றும் குரலுயர்த்தாமல் சொல்லிச் செல்கிறார். அந்த அடங்கிய குரல்தான் சுடுகிறது.

முதலில் இருவரும் குழந்தைக்காகப் போரிடுகின்றனர். அன்பினால் அல்ல, மற்றவரைக் குத்த ஒரு கத்தி வேண்டும் என்பதனால். தந்தை தாய்க்குச் சொல்லி அனுப்பும் வசைமொழியை, கற்றுக்கொடுத்த பாடம்போல் பிசகின்றி ஒப்பிக்கிறாள் சிறுமி. தாயும் தந்தைக்குச் சளைக்காமல் பதில் அனுப்புகிறாள். ஈராண்டு கழியுமுன் காற்று திசைமாறுகிறது. இப்போது எவருக்கும் குழந்தை வேண்டாம். மற்றவர் தலையில் கட்டுவதே வெற்றி. தந்தை குழந்தையின் ஆசிரியையை மணக்கிறான். தாய் சர் கிளாட் என்பவனை மணக்கிறாள். பின்பு அந்தப் புதுத் தந்தையும் புதுத் தாயும் ஒருவரையொருவர் விரும்பத் தொடங்குகின்றனர். பெரியோர் ஆடும் இந்த நாற்காலி விளையாட்டில் உட்கார இடமின்றி நிற்பவள் மெய்சி.

இதில் ஓரிடத்தில் ஜேம்ஸ் உளநூலாரை முந்திச் செல்கிறார். தான் எடுத்துச் செல்லும் சொற்கள் யாவும் நஞ்சு என்பதைச் சிறுமி உணர்கிறாள். உணர்ந்த நாள்முதல் வாய் மூடுகிறாள். கேட்டால் நினைவில்லை என்கிறாள். எதையும் சுமந்து செல்ல மறுக்கிறாள். பெற்றோர் இருவரும் அவளை மந்தபுத்தி என்று பழிக்கின்றனர். அவளுக்கோ அது இழிவாகத் தோன்றவில்லை. பாதுகாப்பான ஓர் அறைக்குள் நுழைந்து தாழிட்டுக்கொண்ட நிம்மதியே தோன்றுகிறது. ‘தெரியாது’ என்று சொல்லும் குழந்தையைப் பிரம்பால் திருத்த முயலும் ஆசிரியத் தோழர்கள் இந்த அத்தியாயத்தை மட்டுமேனும் படித்தல் நலம்.

அந்த நிம்மதியின் விலை என்ன என்பதைப் பிற்காலத்தார் அளந்தனர். மேரி ஐன்ஸ்வர்த் என்னும் அம்மையார் உகாண்டாவிலும், பின்னர் அமெரிக்காவின் பால்டிமோரிலும் தாய்–சேய்ப் பிணைப்பை ஆராய்ந்தவர். தாய் அறையை விட்டுச் சென்று திரும்பும்போது சில குழந்தைகள் அழுவதில்லை, ஓடிவருவதில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டு விளையாட்டுப் பொருளையே பார்த்திருக்கும் என்பதை அவர் ஆய்வு காட்டிற்று. எவ்வளவு அமைதியான குழந்தை என்றுதான் எவரும் சொல்வர். ஆனால் அத்தகைய குழந்தைகளின் இதயத் துடிப்பை அளந்து பார்த்தவர்கள், அழுத குழந்தையின் துடிப்பைப்போலவே அதுவும் விரைந்ததைக் கண்டனர். முகம் அமைதி, நெஞ்சு அலறல். மெய்சியின் ஊமைத்தனத்திற்கு இதைவிடச் சிறந்த உரை நமக்குத் தெரியவில்லை.

லிசெட் என்னும் அவளது பொம்மையையும் மறத்தல் ஆகாது. எங்கே போயிருந்தாய் என்று கேட்ட மகளுக்குத் தாய் வெடுக்கென்று என்ன விடை சொன்னாளோ, அதே வெடுக்கோடு பொம்மைக்கு விடை சொல்கிறாள் சிறுமி. சொன்ன பின் நாணுகிறாள். பெற்றோர் பேச்சைக் குழந்தை மறப்பதில்லை. பேச ஓர் எளிய செவி கிடைக்கும்வரை சேர்த்து வைக்கிறது. பொம்மையிடம் தொடங்குவது தம்பியிடமும், பக்கத்துப் பலகைத் தோழனிடமும் தொடரும். பள்ளிக்கூட முற்றத்தில் எழும் வசைகளில் பாதி, வீட்டில் முதல்நாள் இரவு உரத்துப் பேசப்பட்டவையே.

நூலின் உருக்கமான பகுதி வேறொன்று. பூங்கா ஒன்றில், தாயின் புதிய நண்பனாகிய படைத்தலைவன் ஒருவன் அவள் தாயைப் புகழ்ந்து இரண்டு நல்ல சொல் சொல்கிறான். சிறுமி தேம்பி அழுகிறாள். தன் தாயைப் பற்றி எவரும் நல்லது சொல்லி அவள் அதுவரை கேட்டதில்லை! அத்தாய் அவளை அணைத்தவள் அல்லள்; உதறித் தள்ளியவள். எனினும் அவளை எவரேனும் நேசிக்க வேண்டுமென்று குழந்தை ஏங்குகிறது. ‘கெட்ட தாயைக் குழந்தை வெறுத்துவிடும், அதனிடம் மற்றவரைப் பழித்துக் காட்டினால் நம்பக்கம் வந்துவிடும்’ என்று கணக்கிடும் பெற்றோருக்கு இந்தக் காட்சி ஒரு மறுப்பு. பழிக்கப்படுவது மனைவியோ கணவனோ என்று அவர்கள் எண்ணுகின்றனர். காயம்படுவது குழந்தை தன் வேர் என்று பற்றியிருக்கும் ஒன்று.

கற்ற ஆசிரியையும் கல்லாத ஆசிரியையும் என இருவரை ஜேம்ஸ் எதிரெதிரே நிறுத்துவதும் சுவையானது. முதலாமவள் அழகி, பல மொழி அறிந்தவள். பின்வரும் திருமதி விக்ஸ் ஏழை, கண் கோணியவள், பாடம் நடத்தத் தெரியாதவள். சாலை விபத்தில் தன் மகளை இழந்த அவளிடம்தான் மெய்சி அச்சமற்று உறங்குகிறாள். ஆசிரியப் பயிற்சிச் சான்றிதழில் அந்தப் பாடம் இல்லை என்பதை நாம் அறிவோம்!

இனி நம் கருத்து மாறுபாட்டுக்கு வருவோம். பிற்காலத்தில் தம் நூல்களைத் தொகுத்து வெளியிட்டபோது ஜேம்ஸ் எழுதிய முன்னுரையில், இக்கதைக்குச் சிறுவன் பொருந்தான், சிறுமியே வேண்டும் என்று ஏன் முடிவு செய்தார் என விளக்குகிறார். சிறுவர் முரடர், நுண்ணுணர்வு சிறுமியரிடம்தான் மிகுதி என்பது அவர் கருத்து. புலமைமிக்க அந்த முன்னுரையில் இந்த ஓர் எண்ணத்தை அவர் ஆராயாமல் கடந்து சென்றார். சண்டை நடக்கும் வீட்டில் சிறுவன் உணர்வதில்லையா? உணர்கிறான், ஊமையாகாமல் முரடனாகிறான். மெய்சி வாயை மூடினாள். அவன் கையை ஓங்குகிறான். ஜேம்ஸ் காரணமெனக் கொண்ட முரட்டுத்தனம், உண்மையில் விளைவு.

இதை வெறும் விருப்பத்தால் சொல்கிறோம் இல்லை. 1944-இல் ஜான் போல்பி என்னும் லண்டன் உளமருத்துவர், திருட்டுப் பழக்கம் கொண்ட 44 இளையோரை ஆராய்ந்து எழுதினார். அவர்களுள் 14 பேரை அன்புணர்ச்சியே வறண்டவர்கள் என வகுத்தார். அந்த 14 பேரில் 12 பேர் இளமையில் நெடுநாள் தாயைப் பிரிந்திருந்தவர்கள். இந்த ஆய்வையும் 1951-இல் உலக நலவாழ்வு நிறுவனத்துக்கு அவர் அளித்த அறிக்கையையும் பலர் பிடித்துக்கொண்டு, தாய் வீட்டு வாசலைத் தாண்டினாலே பிள்ளை கெடும் என்று பெண்களுக்குப் பூட்டுப் போடப் புறப்பட்டனர். மைக்கேல் ரட்டர் அந்தப் பூட்டை உடைத்தார். நோயினாலோ சாவினாலோ பிரிவு நேர்ந்த வீடுகளில் சிறுவரின் கட்டுக்கடங்கா நடத்தை அவ்வளவாகப் பெருகவில்லை. பூசலால் பிரிந்த வீடுகளிலும், பிரியாமலே பூசலிட்ட வீடுகளிலும் பெருகிற்று என்று 1970-களின் தொடக்கத்தில் அவர் எடுத்துக்காட்டினார். அவர் ஆய்வில் அந்தப் பாதிப்பு சிறுவரிடமே மிகத் தெளிவாகத் தென்பட்டது. பெற்றோருள் ஒருவரிடமேனும் நல்லுறவு இருந்தால் தீங்கு குறைவதையும் அவர் கண்டார்.

எம் வகுப்பில் கடைசிப் பலகையில் ஒரு சிறுவன். மைக்கூட்டை உருட்டுவான், முன்னிருப்பவன் சட்டையைக் கிழிப்பான். அவன் வீட்டுச் செய்தி ஊரறிந்தது. அவனை அடிக்காத ஆசிரியர் அரியர். மெய்சிக்கு அறுநூறு பக்க ஆராய்ச்சி எழுதும் உலகம், அவனுக்கு வருகைப் பதிவேட்டில் ஒரு சிவப்புக் கோடு மட்டுமே எழுதுகிறது. அவனைக் கதைத்தலைவனாக்க ஜேம்ஸ் துணியவில்லை என்பதே நம் குறை.

இரண்டாவது குறையும் இதனோடு ஒட்டியது. இத்தனை அழுக்கின் நடுவே மெய்சி கறைபடாமல், கூர்ந்த அறிவோடு, ஏறக்குறைய ஞானியாக வளர்கிறாள். நூலாசிரியருக்கு இது வேண்டியதே. அவள் கண்வழியாக அன்றோ கதை நடக்கிறது! ஆனால் படிப்போர் சிலர், நல்ல விதையானால் எந்த மண்ணிலும் முளைக்கும் என்று மனச்சான்றை உறங்க வைத்துக்கொள்ள இது இடந்தருகிறது. பிறவிக் குணம் என்னும் பேச்சு நம் நாட்டில் யாருக்கெல்லாம் பயன்பட்டது என்பதை இவ்வேட்டின் வாசகர்க்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

‘பூசல்தான் நஞ்சு என்றால், குழந்தைக்காகப் பொறுத்துக்கொண்டு வாழ்வதுதானே முறை?’ என்று குடும்ப மானம் பேசுவோர் கேட்பர். யார் பொறுத்துக்கொள்வது என்பதை அவர்கள் சொல்வதில்லை, நமக்குத் தெரியும். ரட்டரின் முடிவு அவர்களுக்குத் துணை நிற்கவில்லை. ஒரே கூரையின் கீழ் எரியும் பகையும் பிள்ளையைச் சுடும். பேட்ரிக் டேவிஸ், மார்க் கம்மிங்ஸ் என்னும் இருவர் 1994-இல் வகுத்த கொள்கை இன்னும் நுட்பமானது: குழந்தை கேட்பது சண்டையின் ஓசையை மட்டும் அன்று, தன் வீடு நிற்குமா, விழுமா என்பதையே. கருத்து வேற்றுமை எழுந்து, அது தன் கண்முன்னே தீர்ந்து, இருவரும் இணங்கக் கண்ட குழந்தையின் கலக்கம் பெரிதும் தணிகிறது. வாய்மூடிப் பலநாள் நீளும் புழுக்கமும் அதற்குச் சண்டையே. ஆகவே மனைவியை ஊமையாக்கிப் பெறும் ‘அமைதி’ பிள்ளைக்குப் பயன்படாது.

இங்கிலாந்தின் சட்டமும் நெடுங்காலம் தந்தை பக்கமே நின்றது. தன் மூன்று மைந்தரைக் கணவனிடம் பறிகொடுத்த கரோலின் நார்ட்டன் என்னும் எழுத்தாளர் போராடியதன் பயனாக, ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளைகளைக் கேட்டுத் தாய் மன்றம் ஏற 1839-இல் ஒரு சட்டம் இடங்கொடுத்தது. நம் நாட்டில் 1956-ஆம் ஆண்டு இந்துக் காப்பாளர் சட்டம் தந்தையை முதலில் வைத்து, அவருக்குப் ‘பின்’ தாய் என்றது. அந்தப் ‘பின்’ என்பதற்கு, தந்தை இறந்த பின் என்பது மட்டுமே பொருளன்று என்று உச்ச நீதிமன்றம் சொல்ல 1999 ஆயிற்று. ஜேம்சின் புதினம் இச்சட்டப் போரில் எப்பக்கமும் சேரவில்லை. உரிமை யாருக்கு என்ற கூச்சலில், குழந்தை எதைக் கண்டது என்று கேட்க ஆளில்லை என்பதையே அது காட்டுகிறது. நம் காப்பியத்திலும் கானல்வரி முழுதும் யாழும் ஊடலுமாய் விரிகிறது. அவ்விருவர்க்கும் பிறந்த மணிமேகலையைப் பற்றி மாடலன் வாயிலாக அடைக்கலக் காதையில்தான் விரிவாக அறிகிறோம். இளங்கோவைக் குறைகூற இதைச் சொல்லவில்லை. பெரியோர் பிணக்கில் பிள்ளை கண்ணுக்கு மறைவது பழைய வழக்கம் என்பதற்காகச் சொன்னோம்.

2012-இல் இப்புதினத்தை அமெரிக்காவில் திரைப்படமாக்கினர். இலண்டன் நியூயார்க் ஆயிற்று. தாய் பாடகி, தந்தை ஓவிய வாணிகர். சிறுமியின் கண்மட்டத்திலேயே ஒளிப்பதிவுக் கருவியை வைத்த திறம் பாராட்டத்தக்கது. ஆனால் முடிவில் புதுத் தந்தையும் புதுத் தாயும் அன்பே உருவாகிக் கடற்கரை வீட்டில் சிறுமியை ஏற்கின்றனர். படம் பார்த்தவர் மனம் குளிர்ந்து வீடு திரும்பலாம். நூலில் அந்தக் குளிர்ச்சி இல்லை. பிரான்சின் பூலோன் துறைமுகத்தில் சிறுமி தானே ஒரு பேரம் வைக்கிறாள்: நீங்கள் அவளை விடுங்கள், நான் விக்சை விடுகிறேன் என்று சர் கிளாடிடம் கேட்கிறாள். அவனால் இயலவில்லை. ஏழைக் கிழவியோடு படகேறுகிறாள். கரை விலகும்போது மாடத்தைத் திரும்பிப் பார்த்தாயா என்ற பேச்சு எழுகிறது. பார்த்தாள். அவன் அங்கே இல்லை.