கல்லில் நிற்கும் குதிரை

ஆவுடையார்கோயிலுக்குப் போனால், குதிரைச்சாமி சிற்பத்தருகே என் கால்கள் தாமாக நின்றுவிடும். பாண்டியனுக்குக் குதிரை வாங்கப் புறப்பட்ட மாணிக்கவாசகர், அதற்கான பொன்னைத் திருப்பணிக்குச் செலவிட்ட தலம் இது.

அன்று அரபுக் குதிரைகள் கப்பலேறிப் பாண்டிய நாட்டுத் துறைகளில் வந்திறங்கின. உயர்ந்த ஆணும் பெண்ணும் இணைந்தாலும் இங்கே பிறக்கும் குட்டிக்குக் கால் கோணிவிடும் என்று 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ சொல்லிவைத்தார். ரத்தம் எத்தனை உயர்ந்தாலும் மண்ணும் தீனியும் ஒத்துவர வேண்டுமே!

குஜராத்தின் வறண்ட கத்தியவாரில் அவை ஒத்துவந்தன. அங்குள்ள நாட்டுக் குதிரையில் அரபு ரத்தமும் கலந்தது என்பார்கள். உள்வளைந்து நுனி தொடும் காது நாட்டுக் குதிரையின் அடையாளம். மெல்லக் குழிந்த முகம் அரபுச் சாயல். கலந்தும் இரண்டும் கெடாத அழகு அது. பாண்டியன் தேடிய குதிரையின் வாரிசு அங்கே ஓடுகிறது; இங்கே குதிரை கல்லாய் நிற்கிறது.